பெயர்ப்பலகை தெரிந்த படம்

தெருக் கொண்டாட்டம் ஒன்றைச் சாயங்காலம் நான்கு மணிக்குத் தொடங்கி இரவு பத்து மணிவரை படமெடுத்தேன். மறுநாள் உட்கார்ந்து ஆயிரத்துச் சொச்சம் படங்களைப் பார்த்து, பன்னிரண்டைப் பொறுக்கி இணையத்தில் போட்டேன். அதில் ஒன்று எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், மேளம் அடிப்பவர்களுக்கு நடுவே, இரண்டு செருப்பையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஆடுகிறார். கண் மூடியிருக்கிறது. தலை பின்னால் சாய்ந்திருக்கிறது. கடைப் பலகையிலிருந்து வரும் பச்சை வெளிச்சம் முடியின் ஓரத்தில் மட்டும் விழுந்திருக்கிறது.

மூன்றாம் நாள் ஒரு செய்தி வந்தது. “அந்தப் படத்தில் இருப்பது நான். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். நான் இந்தப் பகுதியில்தான் இருக்கிறேன் என்று ஒருவருக்குத் தெரியக் கூடாது.”

படத்தைத் திறந்து மறுபடி பார்த்தேன். அவருடைய இடது தோளுக்கு மேலே, அந்தப் பச்சை வெளிச்சத்துக்குச் சொந்தமான பலகை. கடையின் பெயர், தெருவின் பெயர், தொலைபேசி எண் மூன்றும் தெளிவாக இருந்தன. வெளிச்சத்தை அவ்வளவு ரசித்த நான் எழுத்தைப் படிக்கவே இல்லை. பத்து நிமிடத்தில் படத்தை நீக்கிவிட்டேன். ஆனால் அதற்குள் எத்தனையோ பேர் பகிர்ந்திருந்தார்கள். தெரிந்தவர்களிடம் கேட்டு அழிக்கச் சொன்னேன், தெரியாதவர்களுக்குச் செய்தி அனுப்பினேன். சிலர் பதிலே போடவில்லை. தெரியக் கூடாது என்று சொன்ன அந்த ஒருவர் யார், என்ன நடந்தது என்று நான் அந்தப் பெண்ணிடம் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

பதினைந்து வருடமாக நகரத்தின் தினசரி வாழ்க்கையையும் கொண்டாட்டங்களையும் படமெடுத்து வருகிறேன். ஷட்டர் வேகம், வெளிச்சம், கோணம் பற்றியெல்லாம் யாராவது சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். முன்பின் தெரியாத ஒருவருடைய முகத்தை வீட்டுக்கு எடுத்துவந்த பிறகு அதை என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இன்று கையில் போன் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். அதனால் இது எல்லோருக்குமே.

மனிதர்கள் இருக்கும் படங்களில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையது, புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான லூயி தகேர் 1838-ல் பாரிஸில் ஒரு சாலையை மேலிருந்து எடுத்தது. சில நிமிடங்கள் லென்ஸைத் திறந்தே வைத்திருந்ததால், ஓடிக்கொண்டிருந்த வண்டிகளும் நடந்து போனவர்களும் பதிவாகவில்லை. காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள ஓரமாக நின்ற ஒருவரும், பாலிஷ் போடுபவரும் மட்டும் விழுந்தார்கள். தாங்கள் படத்தில் இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. 1888-ல் கோடக் கேமரா வந்து, யார் வேண்டுமானாலும் பொத்தானை அழுத்தலாம் என்றானது. இரண்டே வருடத்தில், 1890-ல், அமெரிக்காவில் சாமுவேல் வாரன், லூயிஸ் பிராண்டைஸ் என்ற இரண்டு வழக்கறிஞர்கள் தனிமனிதரின் அந்தரங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று கட்டுரை எழுதினார்கள். நொடியில் எடுக்கும் புகைப்படங்களையும் அதில் ஒரு காரணமாகச் சொன்னார்கள். ஆக, இந்தக் கவலை சமூக ஊடகங்களோடு வந்ததில்லை.

“பொது இடம்தானே, யாரைக் கேட்க வேண்டும்?” இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. நாட்டுக்கு நாடு பதில் மாறும். பிலிப் லோர்கா டிகார்சியா என்ற கலைஞர் நியூயார்க்கின் டைம்ஸ் ஸ்கொயரில் மறைவாக ஃபிளாஷ் பொருத்தி, நடந்து போனவர்களைத் தெரியாமல் படமெடுத்தார். அதில் இருந்த ஒருவர் வழக்குப் போட்டார். அது கலைப்படைப்பு என்று சொல்லி 2006-ல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஒரு கட்டடத்தின் படியில் உட்கார்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படத்தை அவருடைய சம்மதம் இல்லாமல் ஒரு பத்திரிகை வெளியிட்டது. 1998-ல் கனடா உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்ணின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஹங்கேரியில் 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, ஒருவரைப் படமெடுப்பதற்கே பொதுவாக அவர் சம்மதம் வேண்டும். நீங்கள் வேலை செய்யும் இடத்தின் சட்டத்தை அவசியம் படித்து வையுங்கள். ஆனால் நான் போட்ட அந்தப் படம் சட்டப்படி சரியாகவே இருந்திருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு அதனால் என்ன பயன்?

முதலில், படத்துக்குள் ஒளிந்திருக்கும் தகவல். டிஜிட்டல் படக் கோப்பில் எக்ஸிஃப் என்று ஒரு பகுதி இருக்கிறது. 1995-ல் வந்த தரமுறை இது. எடுத்த தேதி, நொடி வரைக்கும் நேரம், கேமரா, லென்ஸ் விவரம் எல்லாம் அதில் இருக்கும். போனில் இருப்பிடத்தை இயக்கி வைத்திருந்தால், நின்ற இடமும் சில மீட்டர் துல்லியத்தில் பதிவாகும். செய்திச் செயலிகளில் சாதாரணப் படமாக அனுப்பினால் இது பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. “தரம் குறையாமல் வேண்டும்” என்று யாராவது கேட்டு, அதே படத்தை ஆவணமாக அனுப்பும்போது அத்தனையும் சேர்ந்தே போகிறது. கேமரா செயலியில் இருப்பிடத்தை நிறுத்தி வைப்பது அரை நிமிட வேலை. இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே செய்துவிடுங்கள்.

இதைவிட எனக்குப் பயம் தருவது, கண்ணுக்குத் தெரிந்தும் நாம் பார்க்காமல் விடும் தகவல்தான். இப்போதெல்லாம் படத்தைப் போடுமுன் நடுவில் இருப்பவரை விட்டுவிட்டு நான்கு மூலைகளையும் நூறு சதவீத அளவில் பெரிதாக்கிப் பார்க்கிறேன். கடைப் பலகை, வண்டி எண், வாசலில் எழுதிய கதவு எண், கண்ணாடியில் தெரியும் எதிர்த்த கட்டடம், கழுத்தில் தொங்கும் அலுவலக அடையாள அட்டை. பள்ளிச் சீருடையில் ஒரு குழந்தை இருந்தால், அது எந்தப் பள்ளி, எத்தனை மணிக்கு எந்தத் தெரு வழியாக நடக்கிறது என்பது ஒரே படத்தில் தெரிந்துவிடும். குழந்தைகள் விஷயத்தில் நான் கறார். கூட இருக்கும் பெரியவர் சரி என்று சொன்னால்தான் முகம் தெரியும் படம், அதுவும் சீருடை இல்லாமல். பெரியவர் யாரும் இல்லை என்றால் ஓடும் கால்கள், நிழல், முதுகு. அவற்றிலேயே நல்ல படம் கிடைக்கும்.

மறைப்பதென்றால் முழுதாக மறையுங்கள். போனில் கறுப்பு மார்க்கரால் கிறுக்குவது பல சமயம் போதாது. சில மார்க்கர்களின் நிறத்துக்கு அடியில் இருப்பது கொஞ்சம் ஊடுருவித் தெரியும். யாராவது வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தால் அடியில் இருக்கும் எண் வந்துவிடும். எனக்குப் பிடித்த வழி, அந்தப் பகுதியையே வெட்டிவிடுவது. வெட்டினால் படம் கெடும் என்றால் வேறு படம் போடுவேன். ஒரே தருணத்தை ஏழெட்டு முறை எடுத்திருப்போம், அதில் ஒன்றாவது தேறும்.

எப்போது போடுகிறோம் என்பதும் முக்கியம். கொண்டாட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே போட்டால், அவர் இந்த நிமிடம் எங்கே இருக்கிறார் என்று ஊருக்குச் சொல்கிறோம். நான் இரண்டு மூன்று நாள் கழித்தே போடுகிறேன்.

சரி, அனுமதி? முன்கூட்டியே கேட்டால் அந்தத் தருணம் போய்விடும் என்பது உண்மைதான். கேட்டவுடன் நிமிர்ந்து நின்று சிரிப்பார்கள், ஆட்டம் நின்றுவிடும். அதனால் எடுத்துவிட்டுக் கேட்கிறேன். அதற்குப் பக்கத்தில் போக வேண்டும். என்னிடம் பெரும்பாலும் 35 மி.மீ. லென்ஸ்தான் இருக்கும். அதில் ஒருவரை நிறைவாக எடுக்க இரண்டு மூன்று மீட்டருக்குள் நின்றாக வேண்டும். அவர் என்னைப் பார்ப்பார், நான் என்ன செய்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். எட்ட நின்று உருவி எடுக்கும் நீள லென்ஸைத் தெருவுக்கு எடுத்துப் போவதை நிறுத்திவிட்டேன். எடுத்ததும் கேமராவைக் கீழே இறக்கி, முகத்தைப் பார்த்து, திரையைக் காட்டுவேன். பெரும்பாலானவர்கள் சிரிப்பார்கள், பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். தலையை ஆட்டி வேண்டாம் என்றால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுவேன். கைவண்டியில் தூங்கிக்கொண்டிருக்கும் தொழிலாளியை இப்படிக் கேட்க முடியாது. குடித்துவிட்டு ஆடுபவரிடம் கேட்கலாம், ஆனால் அவர் சொல்லும் சரி மறுநாள் காலையில் சரியாக இருக்காது. இந்த இருவரையும் முகம் தெரிய நான் எடுப்பதில்லை. நல்ல படங்கள் சில கைவிட்டுப் போயிருக்கின்றன. போகட்டும்.

அப்புறம், பெயர். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டொரோதியா லாங் 1936-ல் கலிஃபோர்னியாவில் எடுத்த, குழந்தைகள் தோளில் முகம் புதைத்திருக்க எங்கோ பார்க்கும் அந்தத் தாயின் படத்தை உலகமே பார்த்திருக்கிறது. லாங் அவர் பெயரைக் கேட்கவில்லை. அவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது பொதுவெளிக்குத் தெரிய 1978 ஆகிவிட்டது. நாற்பத்திரண்டு வருடம் அவர் பெயரில்லாத வறுமையின் முகமாக இருந்தார். அந்தப் படத்தால் தனக்கு எதுவும் கிடைக்கவில்லை என்றும், எடுக்கவே விட்டிருக்கக் கூடாது என்றும் பின்னால் வருத்தப்பட்டார். லாங் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இதைப் படித்த நாளிலிருந்து சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. பேச நேரம் கிடைத்தால் பெயர், தேதி, படம் எங்கே வரலாம், எங்கே வரக் கூடாது என்று அவரே சொன்ன வார்த்தை. பெயரை எழுதிக்கொள்வதால் அதை வெளியிட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. என் பதிவில் இருந்தால் போதும்.

இதையெல்லாம் படித்துவிட்டு யாராவது கேமராவைப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். சாதாரண நாளின் தெருவை யாராவது எடுத்து வைத்தால்தான், முப்பது வருடம் கழித்து அந்தத் தெரு எப்படி இருந்தது, மக்கள் எப்படிச் சிரித்தார்கள் என்று காட்ட முடியும். எடுங்கள். எடுத்ததை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். போடுவதில் மட்டும் நிதானம் வேண்டும். என் வன்தட்டில் “வெளியே போகாதவை” என்று ஒரு கோப்புறை இருக்கிறது. என்னுடைய சிறந்த படங்களில் பல அதில்தான் உள்ளன.

போட்ட படத்தை நீக்கச் சொல்லி யாராவது எழுதினால், காரணம் கேட்காமல் அன்றைக்கே நீக்கிவிடுங்கள். பகிர்ந்தவர்களுக்கும் நீங்களே எழுதுங்கள். அந்த வேலையை அவர் தலையில் கட்டாதீர்கள். தேடுபொறியில் படத்தைக் கொடுத்துத் தேடினால் அது இன்னும் எங்கெங்கே இருக்கிறது என்று ஓரளவு தெரியும். நான் ஒரு மாதம் வாரம்தோறும் தேடினேன். கடைசியாகக் கிடைத்த ஒன்றையும் நீக்கியாயிற்று என்று அந்தப் பெண்ணுக்கு எழுதினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

“படம் நன்றாக இருந்தது. அச்சுப் போட்டு ஒன்று தர முடியுமா? வீட்டில் மாட்டிக்கொள்கிறேன்.”

பலகை இருந்த இடத்தை வெட்டாமல் முழுப் படத்தையும் பெரிதாக அச்சிட்டேன். முகவரி கேட்கவில்லை. அவர் சொன்ன கடையில் கொடுத்துவிட்டு வந்தேன்.