மலையில்லாத வன்னியில் காடு குளிர்வது எப்படி?

சுவிஸில் இருக்கும் சொந்தக்காரர்கள் கோடை விடுமுறையில் அனுப்பும் படங்களில் ஒரு வகை அடிக்கடி வரும். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு நடக்கும் மலை. பனி உருகியபின் அதே மலைக்குத் தொங்குவண்டியில் ஏறி, ஊசியிலைக் காட்டுக்குள் பிள்ளைகளோடு நடக்கிறார்கள். ஏற்றம் அதிகமில்லாத அகலமான பாதை. தள்ளுவண்டியில் கைக்குழந்தையும் கூட வருகிறது. இதைப் பார்த்துவிட்டு, "எங்கட பக்கம் இந்த வெக்கைக்குள்ள இப்படி நடக்க ஏலுமோ?" என்று கேட்பவர்கள் உண்டு. ஏலும். வன்னிக் காடு அதற்கு நல்ல இடம். ஆனால் அங்கே குளிர்வதற்கும் இங்கே குளிர்வதற்கும் காரணம் வேறு வேறு.

அங்கே முதல் காரணம் உயரம். மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்த இடத்துக்கு ஏறும் காற்று விரியும், விரியும்போது குளிரும். சராசரியாக 1,000 மீற்றருக்கு 6.5 பாகை செல்சியஸ் என்று கணக்கு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வவுனியா நகரம் 100 மீற்றர் அளவில். இந்த உயர வித்தியாசம் மட்டுமே 11, 12 பாகையைக் குறைத்துவிடுகிறது. வன்னிக்கு இந்த வழியில் எதுவும் கிடைக்காது. போதாக்குறைக்கு, ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கிச் சில மாதங்களுக்குள் பெய்து முடிந்துவிடும். வைகாசிக்குப் பிறகு வீசும் சோளகம் என்ற தென்மேற்குப் பருவக்காற்று இலங்கைத் தீவின் தென்மேற்கில் மழையைக் கொட்டிவிட்டு இங்கே வறண்ட காற்றாகத்தான் வந்து சேர்கிறது.

அப்படியான காலத்தில்தான், ஆகஸ்ட் 15இல், மடு மாதா கோயில் திருவிழா வருகிறது. சின்னப் பிள்ளைகள், வயோதிபர்கள் என்று குடும்பம் குடும்பமாக வந்து மரங்களின் கீழேயே நாட்கணக்கில் தங்குகிறார்கள். காட்டு வழியே நடந்து வருபவர்களும் இருக்கிறார்கள். குடும்பத்தோடு காட்டுக்குள் நடப்பது நமக்குப் புதிதல்ல.

சரி, காடு எப்படிக் குளிர்கிறது? முதல் வேலை நிழலுடையது. உச்சி வெயிலில் தரையின் ஒவ்வொரு சதுர மீற்றரிலும் ஏறத்தாழ 1,000 வாட் ஆற்றல் விழுகிறது. மெதுவாக நடக்கும் ஒரு பெரியவரின் உடல் தனக்குள்ளேயே 200 வாட்டுக்கு மேல் வெப்பத்தை உண்டாக்கும். வெளியில் நடந்தால் வெயிலிலிருந்து வருவது, சுட்ட தரையிலிருந்து வருவது என்று இன்னும் நூற்றுக்கு மேற்பட்ட வாட் அதோடு சேரும். வெளியிலிருந்து வரும் இந்த வெப்பத்தில் பெரும்பகுதியை மேலே பாலை, வீரை, கருங்காலி மரங்கள் விரித்திருக்கும் விதானம் வாங்கிக்கொள்கிறது. வாங்குவதிலும் ஒரு நுட்பம் உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பெரும்பங்கை இலை உறிஞ்சி உணவாக்கப் பயன்படுத்தும். சூரிய ஆற்றலில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பாக வருகிறது. உணவாக்க உதவாத அந்தக் கதிர்களில் பெரும்பாலானவற்றை இலை உள்ளே வைத்துக்கொள்ளாமல் திருப்பியோ கடத்தியோ விடுகிறது. அதனால்தான் நாள் முழுக்க வெயிலில் நிற்கும் இலை, தார் வீதியைப் போல் 50 பாகையைத் தாண்டிச் சுடுவதில்லை.

காட்டுக்குள் வெப்பமானியைப் பார்த்தால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஐந்து கண்டங்களில் 98 இடங்களின் அளவீடுகளை வைத்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு, காட்டுக்குள் பகலின் உச்ச வெப்பநிலை வெளியைவிடச் சராசரியாக 4 பாகைதான் குறைவு என்று கண்டது. உடலுக்கு அது பத்துப் பாகை போலத் தெரியும். காற்றின் சூட்டை மட்டும் அளக்கும் வெப்பமானிக்கு, நம் தோலில் நேரே வந்து விழும் கதிர்வீச்சு தெரியாது. கதிர்வீச்சு அறுபட்டதுதான் நாம் உணரும் சுகத்தின் பெரும்பங்கு.

இரண்டாவது வேலை தண்ணீருடையது. வேர் உறிஞ்சும் நீர், இலையின் அடிப்பக்கத்தில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் வழியே ஆவியாகிறது. மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும் இதே விதியால்தான்: ஆவியாகும் நீர் சுற்றியிருப்பதிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. எடுக்கும் அளவு மிகப் பெரிது. ஒரு லீற்றர் நீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 290 கிலோயூல் போதும். அதே ஒரு லீற்றர் கொதிக்காமலேயே ஆவியாக 2,400 கிலோயூலுக்கு மேல் வேண்டும், எட்டு மடங்கு. இந்த வெப்பம் முழுவதையும் இலையும் அதைச் சுற்றிய காற்றும் கொடுத்துக் குளிர்கின்றன.

ஆனால் இந்தக் குளிரூட்டல் நாள் முழுக்க ஓடாது. வறண்ட காற்றில் நுண்துளைகளைத் திறந்தே வைத்திருந்தால் மரம் தன் நீரையெல்லாம் இழந்துவிடும். அதனால் வரட்சிக் காலத்தில் பல மரங்கள் மதியத்தில் அவற்றை இறுக்கிக்கொள்கின்றன. காலையில் நிழலும் ஆவியாதலும் சேர்ந்து வேலை செய்யும். வெயில் ஏறியபின் பெரும்பாலும் நிழல் மட்டுமே மிஞ்சும். ஆடி, ஆவணியில் நடப்பதானால் விடியற்காலையில் தொடங்கி பத்து மணிக்கு முன் முடித்துவிடச் சொல்வேன். மண் நிறைய மழைநீர் இருக்கும் தை, மாசியில் அவ்வளவு கட்டுப்பாடு தேவையில்லை.

ஆற்றங்கரை தனி உலகம். கனகராயன் ஆறும் பறங்கி ஆறும் வெறும் மணலாகக் கிடக்கும் மாதங்களிலும் அந்த மணலுக்கடியில் ஈரம் இருக்கும். கரையில் நிற்கும் மருது அதைத் தேடி வேரை இறக்கியிருக்கும். சுற்றிலும் காடு காய்ந்து நிற்கையில் மருதின் கீழ் வித்தியாசம் தெரிவது இதனால்தான். சின்னப் பிள்ளைகளோடு போவதென்றால் என் முதல் தெரிவு இப்படியான ஆற்றங்கரை வழி. பெரியவர்களின் நெஞ்சுயரக் காற்றைவிடத் தரையை ஒட்டிய காற்று வெயிலில் கூடுதலாகச் சூடேறும். ஐந்து வயதுப் பிள்ளையின் முகம் அந்தக் காற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உடல் எடைக்கு ஒப்பிடும்போது பிள்ளைகளுக்குத் தோற்பரப்பும் அதிகம். வெளிச்சூடு வேகமாக உள்ளே இறங்கும். காட்டுத் தரையில் கிடக்கும் சருகு நிழலிலேயே கிடப்பதால் அப்படிச் சுடாது, மண்ணின் ஈரத்தையும் லேசில் விடாது. சருகைக் கூட்டி எரிப்பதை நான் விரும்பாததற்கு இதுவும் ஒரு காரணம்.

காடு ஒரு விடயத்தில் நமக்கு எதிராகவும் வேலை செய்யும். மரங்கள் காற்றின் வேகத்தைக் குறைத்துவிடும். உள்ளே ஈரப்பதனும் கூடுதல். வியர்வை காய நேரமெடுக்கும், உடல் பிசுபிசுக்கும். நிழலில்தானே நடக்கிறோம் என்று தண்ணீரைக் குறைத்துக் கொண்டுபோக வேண்டாம்.

இன்னொன்று, விளிம்பு. வீதியோ வயலோ காட்டை வெட்டிச் செல்லும் இடத்தில் சூடான காற்று பக்கவாட்டாக உள்ளே நுழையும். பல பத்து மீற்றர் தூரத்துக்கு அதன் பாதிப்பு இருக்கும். வீதியோரத்தில் பத்தை மண்டிய இடத்தில் நின்றுவிட்டு "காடும் வெக்கைதான்" என்று திரும்பிவிடக் கூடாது. காட்டைத் துண்டு துண்டாக வெட்டினால், நிற்கும் மரங்களில் பலதும் விளிம்பு மரங்களாகிவிடும். மொத்தப் பரப்பு கொஞ்சம் குறைந்தாலும் குளிர்ச்சி அதைவிட அதிகமாகக் குறையும்.

உள்ளே போக வேண்டும் என்றேன். எங்கே வேண்டுமானாலும் புகலாம் என்பதல்ல. ஊர்ச்சனம் நாளாந்தம் பாவிக்கும் பாதையில், வழி தெரிந்த ஊரவர் ஒருவரோடு மட்டும் போங்கள். மண்டையோட்டுக் குறியோடு சிவப்பு மிதிவெடிப் பலகை தெரிந்தால் அந்தப் பக்கம் ஓர் அடியும் வேண்டாம். அப்புறம், யானை. பொழுது சாயும் நேரத்தில் அவை குளத்தை நோக்கி நடக்கத் தொடங்கும்; அதற்கு வெகு முன்பே வெளியே வந்திருக்க வேண்டும். வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழுள்ள பகுதியானால் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போவது நல்லது.

பிள்ளைகள் ஓரளவு வளர்ந்தவர்களானால் ஒரு சாதாரண வெப்பமானியைக் கையில் கொடுங்கள். காட்டுக்கு வெளியே குடை நிழலில் பிடித்து ஐந்து நிமிடம் பொறுத்து ஓர் அளவு எடுக்கச் சொல்லுங்கள். வெயிலில் நேரே பிடித்தால் வெப்பமானியே சூடேறி பிழையான அளவைக் காட்டும். பிறகு விளிம்பில் ஒன்று, நன்றாக உள்ளே ஒன்று, மருதின் கீழ் ஒன்று. காலையில் எடுத்ததையே இன்னொரு நாள் மதியத்திலும் எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கட்டும்.