அச்சில் இருப்பதெல்லாம் நடப்பில் இருப்பதில்லை

சென்ற மாதம் ஒரு பிற்பகல், எங்கள் வழக்கறிஞர் சங்க நூலகத்தில், நூலகரான என் மேசைமேல் ஓர் இளம் வழக்கறிஞர் நீதிமன்றத்திலிருந்து ரிட்டர்ன் ஆன தனிப்புகார் மனு ஒன்றை வைத்தார். வாட்ஸ்அப் குழுவில் தம் கட்சிக்காரரை இழிவாக எழுதியவர்மீது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவின்கீழ் நடவடிக்கை கோரிய மனு அது. "சார், பேர் ஆக்டில் இருக்கிறதே, பிறகு ஏன் திருப்பிக் கொடுக்கிறார்கள்?" என்று கேட்டு (பேர் ஆக்ட் என்பது விளக்கவுரை இல்லாமல் சட்டத்தின் பிரிவுகளை மட்டும் அச்சிட்ட புத்தகம்), பிரிவின் ஜெராக்ஸையும் நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். நகல் எடுத்தபோது பக்கத்தின் அடிப்பகுதியில் ஒரு விரற்கடை அளவு வெட்டுப்பட்டிருந்தது. அலமாரியிலிருந்து அதே பழைய பதிப்பை எடுத்து வந்து, அந்த விரற்கடையில் பொடி எழுத்தில் இருந்த அடிக்குறிப்பைக் காட்டினேன். அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 24.3.2015 அன்றே செல்லாதென்று அறிவித்துவிட்டது என்பதுதான் அந்தக் குறிப்பு. இந்த ஆண்டில் என் மேசைக்கு வந்த நான்காவது 66ஏ இது. முதல் மூன்றுக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னேன். இந்த முறை சிரிப்பு வரவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

"புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது, ஆகவே அது சட்டம்" என்ற எண்ணத்தைப் போல வழக்கறிஞர்களுக்குக் கெடுதல் செய்வது வேறொன்றும் இல்லை. பொதுமக்கள் அப்படி நினைத்தால் பொறுத்துக்கொள்ளலாம். கறுப்பு அங்கி போட்டவர்கள் நினைக்கக் கூடாது. அரசமைப்புக்கு முரணானது என்று ஒரு பிரிவை நீதிமன்றம் அறிவிக்கும்போது, அதன் உயிர் போகிறதே தவிர எழுத்து போவதில்லை. சட்டநூலிலிருந்து ஒரு சொல்லை எடுக்கவும் சேர்க்கவும் அதிகாரம் பெற்றவை, சட்டமியற்றும் மன்றங்கள் மட்டுமே. நாடாளுமன்றம் திருத்தச் சட்டம் கொண்டுவந்து நீக்கும்வரை (66ஏ-யை அது நீக்கியது 2023-இல்தான்) அந்தப் பிரிவு தன் எண்ணோடும் தலைப்போடும் தண்டனை அளவோடும் பக்கத்தில் அப்படியே நிற்கும். பதிப்பாளரும் அதை அச்சிட்டே ஆகவேண்டும். தன் விருப்பத்துக்கு ஒரு பிரிவை எடுத்துவிட அவருக்கு உரிமையில்லை. அவரால் செய்ய முடிந்தது அடிக்குறிப்புப் போடுவது மட்டுமே. அதைத்தான் நாம் ஜெராக்ஸில் வெட்டிவிடுகிறோம்.

இது இளையவர்களின் குற்றம் மட்டுமல்ல. 66ஏ-யைச் செல்லாதென்று அறிவித்த ஸ்ரேயா சிங்கால் தீர்ப்பு வந்து ஆறு ஆண்டுகள் கழித்தும் காவல் நிலையங்களில் 66ஏ-யின்கீழ் வழக்குகள் பதிவாகிக்கொண்டிருந்ததை 2021 ஜூலையில் மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தின் பார்வைக்குக் கொண்டுபோனது. நீதிபதி நாரிமன் தலைமையிலான அமர்வு அதிர்ச்சி தெரிவித்தது. அப்போது அட்டர்னி ஜெனரல் வேணுகோபால் சொன்ன விளக்கத்தைக் கேட்டால் ஒரு நூலகருக்கு வயிறு எரியும்: புத்தகத்தில் பிரிவு முழுமையாக இருக்கிறது, ரத்தான செய்தி அடிக்குறிப்பில்தான் இருக்கிறது, காவலர் அடிக்குறிப்பைப் பார்ப்பதில்லை. ரத்தானது என்பதைப் பிரிவின் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் போடவேண்டும் என்பது அவருடைய யோசனை. கடைசியில், இந்தப் பிரிவின்கீழ் எவர்மீதும் வழக்குத் தொடரக் கூடாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஓர் ஆணையே பிறப்பிக்க வேண்டியதாயிற்று.

66ஏ-யாவது ஏழு ஆண்டுக் கதை. இந்திய தண்டனைச் சட்டத்தின் 303-ஆம் பிரிவு, ஆயுள் தண்டனைக் கைதி கொலை செய்தால் மரண தண்டனை மட்டுமே என்று கட்டாயப்படுத்தியது. மிட்டு வழக்கில் 1983-இல் அது செல்லாதென்று அறிவிக்கப்பட்டது. ஆனால், அந்தத் தண்டனைச் சட்டமே 2024-இல் விடைபெறும்வரை, நாற்பத்தோர் ஆண்டுகள் அது ஒவ்வொரு பதிப்பிலும் அச்சாகிக்கொண்டே இருந்தது.

தீர்ப்புகளின் நிலை இதைவிட மோசம், ஏனென்றால் அங்கே அடிக்குறிப்புகூடக் கிடையாது. எங்கள் நூலகத்தில் 1976-ஆம் ஆண்டின் ஏஐஆர் (ஆல் இந்தியா ரிப்போர்ட்டர் என்ற தீர்ப்பு இதழ்) உச்ச நீதிமன்றத் தொகுதியை எடுத்து 1207-ஆம் பக்கத்தைத் திறந்தால், நெருக்கடிநிலையில் தடுப்புக்காவலை எதிர்த்து நீதிமன்றம் போக முடியாது என்ற ஜபல்பூர் வழக்கின் தீர்ப்பு கம்பீரமாக நிற்கிறது. அது தவறான தீர்ப்பென்று 2017-இல் அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒதுக்கித் தள்ளிவிட்ட செய்தி அந்தப் பக்கத்துக்குத் தெரியாது. 1976-இல் கட்டிய பைண்டிங்குக்கு எப்படித் தெரியும்? இந்தச் சிக்கலுக்காகவே சிகாகோவில் ஃபிராங்க் ஷெப்பர்டு என்பவர் 1873-இல் பசை தடவிய சிறு சீட்டுகளை அச்சடித்து விற்றார். எந்தத் தீர்ப்பைப் பிற்காலத்தில் எந்தத் தீர்ப்பு எடுத்தாண்டது என்ற விவரம் அவற்றில் இருக்கும். வழக்கறிஞர்கள் அவற்றை வாங்கித் தங்கள் தொகுதிகளின் ஓரங்களில் ஒட்டிக்கொண்டார்கள். 1906-இல் ரோட் ஐலண்டு மாநிலத்தின் நாரகன்செட் பியரில் கூடிச் சங்கம் அமைத்த அமெரிக்கச் சட்ட நூலகர்கள், இரண்டே ஆண்டுகளில் சட்ட இதழ்களுக்கென ஒரு சுட்டியைத் தொடங்கினார்கள். இன்றும் மண்டல அளவில் சட்ட நூலகர்கள் நாலு பேர் கூடினால், மேடையில் கணினிமயமாக்கலைப் பற்றிப் பேசிவிட்டு, தேநீர் வேளையில் புலம்புவது எல்லாம் ஒட்டாமல் கிடக்கும் திருத்தச் சீட்டுகளைப் பற்றித்தான்.

இதற்கு நேர்மாறான கண்ணியும் உண்டு: அச்சில் இருக்கும், ரத்தாகியும் இருக்காது, ஆனால் நடைமுறைக்கே வந்திருக்காது. இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா 1.7.2024 அன்று நடைமுறைக்கு வந்தபோது, உயிர் பறிக்கும் விபத்தை ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் தப்பிச் செல்லும் ஓட்டுநருக்குப் பத்தாண்டுவரை சிறை என்ற 106(2) மட்டும் அறிவிக்கையில் விலக்கி வைக்கப்பட்டது. லாரி ஓட்டுநர்களின் போராட்டம் நினைவிருக்கும். சட்டப் புத்தகத்தைப் புரட்டுகிறவருக்கு 106(1)-ம் 106(2)-ம் ஒரே மை, ஒரே எழுத்து. வேறுபாடு அரசிதழில் இருக்கிறது. புதிய எண்களும் சேர்ந்து படுத்துகின்றன: பழைய 302 கொலை, புதிய 302 மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு. கொலைக்கு இப்போது 103. ஆனாலும், 2024 ஜூன் மாதத்தில் நடந்த கொலைக்கு இன்றைக்கும் பழைய 302-தான். அதனால் பழைய புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

மாநிலத் திருத்தங்களைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்ட ஒரு தம்பதியிடம், அக்கினி வலம்வராத திருமணம் செல்லாதென்று ஒரு வழக்கறிஞர் சொல்லியனுப்பியிருந்தார். அவர் கையில் இருந்தது வெளிமாநிலத்தில் அச்சான மலிவுப் பதிப்பு. உறவினர், நண்பர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும், தாலி கட்டினாலும் போதும் என்று 1967-இல் இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவு அதில் இல்லை. அந்தப் பெண் என் மேசைக்கு எதிரே நின்று எங்கள் புத்தகத்திலிருந்த 7ஏ-யை விரலால் தடவி இரண்டு முறை படித்தார்.

ஆகவே, தயவுசெய்து சிலவற்றைச் செய்யுங்கள். பிரிவைப் படிக்கும் முன், தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். அடிக்குறிப்பை விட்டுவிட்டு ஜெராக்ஸ் எடுக்காதீர்கள். குமாஸ்தாவை அனுப்பினாலும் இதைச் சொல்லி அனுப்புங்கள். புதிய சட்டமென்றால் நடைமுறைக்கு வந்த தேதிக்கான அறிவிக்கையை அரசிதழில் தேடுங்கள். தமிழ்நாட்டுத் திருத்தம் உண்டா என்று கேளுங்கள். தீர்ப்பை மேற்கோள் காட்டும் முன், அதற்குப் பின் அது என்ன ஆனது என்று தீர்ப்புத் திரட்டிலோ இணையத் தரவுத்தளத்திலோ பார்த்துவிடுங்கள், அதற்குப் பத்து நிமிடம் போதும். செயற்கை நுண்ணறிவு தந்த சிட்டேஷனை அப்படியே மனுவில் ஏற்றுகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன்: அந்தத் தொகுதியையும் பக்கத்தையும் என்னிடம் வந்து கேளுங்கள், இருந்தால் எடுத்துத் தருகிறேன். நூலகருக்குத் தெரியாததா என்று தயங்க வேண்டாம்; எனக்குத் தெரியாததை எங்கே பார்ப்பதென்று எனக்குத் தெரியும், அதற்குத்தான் சம்பளம்.

எங்கள் நூலகத்திலுள்ள தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரதிகளில் 66ஏ-யின் குறுக்கே சிவப்புப் பென்சிலால் கோடிழுத்து, ஓரத்தில் தீர்ப்புத் தேதியையும் எழுதிவிட்டேன். மூன்று பிரதிகளில் இரண்டுதான் என் கைக்கு வந்தன. மூன்றாவதை மார்ச் மாதம் எடுத்துப் போனவர் இதைப் படித்தால், அபராதம் வேண்டாம், புத்தகத்தை மட்டும் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள். அதில் இன்னும் கோடு போடவில்லை.