அடையாள அட்டை இலக்கத்தை ‘ஹாஷ்’ செய்தால் ஒளிந்துவிடுமா?

கொழும்பில் பல அலுவலகக் கட்டிடங்களுக்குள் போவதென்றால், வாசலில் செக்கியூரிட்டி நீட்டும் கொப்பியில் அடையாள அட்டை இலக்கத்தை எழுதவேண்டும். சுப்பர்மார்க்கெட்டில் பில் போடும்போது பாயின்ட்ஸ் சேர்க்க போன் நம்பரைக் கேட்பார்கள். வரிசையில் பின்னால் நிற்பவருக்கும் கேட்கும்படிதான் சொல்கிறோம், அது வேறு கதை. இப்படிச் சேரும் இலக்கங்கள் ஏதோ ஒரு கணினிக்குப் போகின்றன. கேட்டால், “ஹாஷ் செய்துதான் வைத்திருக்கிறோம், ஆளைக் கண்டுபிடிக்க முடியாது” என்ற பதில் வரும். ஹாஷ் செய்திருப்பது உண்மையாகவே இருக்கலாம். கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் இடிக்கிறது.

ஹாஷ் என்பது ஒரு கணக்கு. எதைக் கொடுத்தாலும் அரைத்து, குறித்த நீளத்தில் ஒரு எழுத்துக்கோவையைத் தரும். பரவலாகப் பயன்படும் எஸ்.எச்.ஏ-256 முறையில் அது 64 எழுத்து நீளம். ஒரே இலக்கத்துக்கு எப்போதும் ஒரே விடைதான். அதிலுள்ள ஒரேயொரு எண் மாறினாலும் விடை முழுக்க மாறிவிடும். விடையை வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போகவும் வழியில்லை. திருவிய தேங்காய்ப்பூவைத் திரும்பத் தேங்காயாக்க முடியாதது போலத்தான்.

சரி, பின்னோக்கிப் போக முடியாவிட்டால் முன்னோக்கிப் போகலாமே? சாத்தியமான எல்லா இலக்கங்களையும் ஒவ்வொன்றாக ஹாஷ் செய்து, எந்த விடை கையிலுள்ளதோடு பொருந்துகிறது என்று பார்த்தால் போதும். வரக்கூடிய விடைகளின் எண்ணிக்கை 78 இலக்கம் கொண்ட ஓர் எண். அதைச் சொல்லித்தான் பலர் நம்மை அசத்துகிறார்கள். ஆனால் உள்ளே போகக்கூடிய இலக்கங்கள் எத்தனை என்பதல்லவா இங்கே கேள்வி?

நமது தேசிய அடையாள அட்டை இலக்கத்தைப் பாருங்கள். புதிய 12 இலக்க அமைப்பில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூடும். 1985 மார்ச் 1ஆம் திகதி பிறந்த பெண்ணின் இலக்கம் 1985561 என்று தொடங்கும். நாட்காட்டிப்படி அது 60ஆவது நாளாயிற்றே என்று கேட்பீர்கள். எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரியை 29 நாளாகக் கணக்கிடுவதால் 61. ஆக, இலக்கத்தைப் பார்த்தாலே பிறந்தநாளும், ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். மிச்சம் ஐந்து இலக்கங்கள்தான்.

நூறு ஆண்டுக் காலத்தை எடுத்துக்கொண்டால் 100 × 366 × 2 × 1,00,000, அதாவது 732 கோடி. கேம் விளையாட வாங்கும் நல்ல கிராபிக்ஸ் கார்ட் ஒன்று நொடிக்கு நூற்றுக்கணக்கான கோடி ஹாஷ்களைப் போடும். தேநீர் ஊற்றி முடிக்குமுன் மொத்தமும் முடிந்துவிடும். போன் நம்பர் இன்னும் மோசம். 07இல் தொடங்கும் 10 இலக்கம் என்பதால் 10 கோடியைத் தாண்ட வழியே இல்லை.

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. நியூயோர்க் டாக்சிகள் 2013இல் ஓடிய சுமார் 17 கோடி ஓட்டங்களின் தரவு 2014இல் வெளியானது. டாக்சி இலக்கமும் சாரதியின் உரிம இலக்கமும் எம்.டி.5 என்ற ஹாஷில் மறைக்கப்பட்டிருந்தன. டாக்சி இலக்கங்களுக்கு ஒரு சில வடிவங்களே உண்டு என்பதைக் கவனித்த பொறியியலாளர் ஒருவர், எல்லாவற்றையும் ஹாஷ் செய்து பார்த்து மொத்தத்தையும் அவிழ்த்துவிட்டார். அப்புறம் இன்னொருவர், நடிகர்கள் டாக்சியில் ஏறும் பத்திரிகைப் படங்களோடு பொருத்தி, அவர்கள் எங்கே போய் இறங்கினார்கள் என்பதையும் கண்டுபிடித்தார்.

விளம்பர உலகத்தில் ஹாஷ் ஒளிப்பதற்கு மட்டுமல்ல, பொருத்துவதற்கும்தான் பயன்படுகிறது. கடை தன் வாடிக்கையாளர்களின் போன் நம்பர்களை எஸ்.எச்.ஏ-256 செய்து பேஸ்புக்குக்கோ கூகுளுக்கோ அனுப்பலாம். அங்கே ஏற்கெனவே உங்கள் நம்பர் இருக்கிறது. அதையும் அதே முறையில் ஹாஷ் செய்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போனால், வெள்ளவத்தையில் பால்மா வாங்கியவரும் இரவில் பேஸ்புக் பார்ப்பவரும் ஒருவரே என்பது தெரிந்துவிடுகிறது. அந்த நம்பர் வைத்திராத ஒருவர், மேலே சொன்னபடி எல்லா நம்பர்களையும் ஹாஷ் செய்து பார்த்தால்தான் உண்டு. வைத்திருப்பவருக்கு அது உங்கள் பெயர்தான்.

இதற்கு மருந்தும் உண்டு. ஹாஷ் செய்யும்போது இலக்கத்தோடு ஒரு நீண்ட இரகசியச் சாவியைச் சேர்த்து, அந்தச் சாவியை வேறிடத்தில் பூட்டி வைக்கலாம். சாவி தெரியாதவர் எத்தனை கோடி தடவை முயன்றாலும் பலனில்லை. இலக்கத்தை முற்றாக நீக்கி, தொடர்பே இல்லாத ஒரு குறியைக் கொடுப்பது இன்னும் நல்லது. செலவும் பெரிதாக இல்லை, செய்யாமல் விடுவது பெரும்பாலும் சோம்பல்தான் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கும். பெயரில்லாத ஒரு கைத்தொலைபேசி காலையில் வெள்ளவத்தை டவரிலும், பகலில் கோட்டையிலும், செவ்வாய் மாலை கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் பக்கமும், வெள்ளிக்கிழமை செட்டியார் தெருவிலும் பதிவாகிறது என்று வையுங்கள். இப்படி நடமாடுபவர் எத்தனை பேர் இருப்பார்கள்? 2013இல் வெளியான ஓர் ஆய்வு, 15 இலட்சம் பேரின் 15 மாதக் கைத்தொலைபேசித் தரவை அலசியது. எந்த மணித்தியாலத்தில் எந்த டவர் என்ற விபரம் நான்கே இருந்தால், 95 சதவீதமானோரை மற்றவர்களிலிருந்து தனியே பிரித்துவிடலாம் என்று அது கண்டது.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆளை அடையாளம் காட்டும் எதையும் தனிப்பட்ட தரவு என்றே பார்க்கிறது. ஆகவே, ஹாஷ் செய்துவிட்டோம், இனி இது யாருடைய தரவும் இல்லை என்று கைகழுவ முடியாது.

அதற்காகத் தரவே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. கொழும்பிலுள்ள லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனம், நகரத்துக்குள் மக்கள் எப்படி வந்துபோகிறார்கள் என்பதைக் கைத்தொலைபேசிப் பதிவுகளை வைத்து ஆராய்ந்திருக்கிறது. காலி வீதி நெரிசலில் நிற்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். பஸ் திட்டமிடுபவருக்கு, காலை எட்டு மணிக்குக் கல்கிசையிலிருந்து கோட்டைக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்ற தொகை இருந்தால் போதும். தனித்தனி ஆளின் தடம் தேவையில்லை. அந்தத் தொகையைக் கொடுக்கும்போதும் நள்ளிரவில் இரண்டு பேர், மூன்று பேர் என்று வரும் அட்டவணைக் கட்டங்களை வெறுமையாக விடுவார்கள், அவ்வளவு சிறிய தொகையில் அந்த இரண்டு பேரும் யாரென்று ஊகித்துவிடலாம் என்பதால்.