"பிராக் நிலை 3" என்றால் என்ன? மூளை அறிக்கையைப் படிக்கும் குடும்பத்தாருக்கு

தந்தையின் மூளையைத் தானமாகத் தந்த ஒருவர், சில மாதங்கள் கழித்துக் கிடைத்த நோய்க்குறியியல் அறிக்கையுடன் என்னைப் பார்க்க வந்திருந்தார். அதில் "பிராக் நிலை 3" என்றிருந்த வரியின் கீழ் பேனாவால் இரண்டு கோடுகள் போட்டிருந்தார். "அப்பாவுக்குக் கடைசிவரை ஞாபகம் நன்றாகத்தானே இருந்தது டாக்டர், பாதி அல்சைமர் வந்துவிட்டது என்று எப்படி எழுதினார்கள்?" என்று கேட்டார். இதே கேள்வியை வேறு சிலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால் அந்த எண் பிறந்த கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் பணியாற்றிய ஹைகோ பிராக், ஏவா பிராக் தம்பதியினர் 1991இல் 'ஆக்டா நியூரோபதாலஜிகா' என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரையை வெளியிட்டார்கள். மறதி நோய் இருந்தவர்கள், இல்லாதவர்கள் ஆகிய இரு தரப்பினரின் 83 மூளைகளை அவர்கள் அதற்காக ஆராய்ந்திருந்தார்கள். வெள்ளிச் சாயம் ஏற்றிய திசுவை நுண்ணோக்கியில் வைத்தால், வெளிறிய பின்னணியில் சில நரம்பணுக்களுக்குள் மட்டும் தீச்சுடர் போன்ற வடிவில் கரிய இழைகள் முறுக்கிக் கிடப்பது தெரியும். டவ் என்னும் புரதம் திரிந்து உண்டாகும் முடிச்சுகள் அவை. அல்சைமரில் நரம்பணுக்களுக்கு வெளியே சேரும் அமிலாய்டு என்ற மற்றொரு புரதப் படிவுகளின் பரவல், நோயின் நிலைகளைப் பிரித்தறிய அவ்வளவாக உதவவில்லை. இந்த முடிச்சுகளோ, முதலில் பொட்டுப் பகுதியின் உட்புறத்தில் ஒரு சிறு இடத்திலும், பிறகு நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும், இறுதியில் பெருமூளைப் புறணி எங்கும் என, ஓர் ஒழுங்கிலேயே காணப்பட்டன. அந்த ஒழுங்கைத்தான் அவர்கள் ஆறு நிலைகளாகப் பிரித்தார்கள்.

ஆகவே 3 என்பது நூற்றுக்கு ஐம்பது என்பது போன்ற மதிப்பெண் அன்று. வெள்ளம் எந்தத் தெருவரை வந்தது என்பதை அது சொல்கிறது. வீடு இடிந்ததா என்பதைச் சொல்லவில்லை. 3ஆம் நிலையில் இருந்தும் கணக்கு வழக்குகளைத் தாமே பார்த்துக்கொண்டவர்கள் உண்டு.

இந்தக் கட்டுரை உலகெங்கும் பரவியதற்கு, அதை மற்ற ஆய்வகங்களும் செய்து பார்க்க முடிந்தது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. தொடக்கத்தில் அவர்கள் பயன்படுத்தியவை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள சீவல்கள். வழக்கமான நோய்க்குறியியல் ஆய்வகத்துக்கு அது ஒத்துவராது. எங்களைப் போன்றோர் அன்றாடம் கையாளும், பாரஃபின் மெழுகில் பதித்து வெட்டிய மெல்லிய சீவல்களிலேயே நிலையைக் கணிக்கும் வழியை, 2006இல் பிராக் குழுவினரே எழுதித் தந்தார்கள். 2012இல் வெளியான அமெரிக்க வழிகாட்டு நெறிகளில் அல்சைமர் மாற்றங்களுக்கு 'ஏபிசி' என்ற மதிப்பீடு வந்தபோது, அதன் 'பி' இந்த நிலைகளையே குறித்தது. உயிருள்ளவரின் மூளையில் டவ் புரதத்தைக் காட்டும் பெட் ஸ்கேன் ஆய்வுகளும் இன்று இதே வரைபடத்தை அடியொற்றிப் பேசுகின்றன.

என்னை அதிகம் பாதித்தது பிராக் குழுவினரின் 2011ஆம் ஆண்டுக் கட்டுரை. 1 வயது முதல் 100 வயது வரையிலானவர்களின் 2332 மூளைகளைப் பார்த்ததில், திரிந்த டவ் புரதம் அறவே தென்படாதவை 10 மட்டுமே. முப்பது வயதை எட்டாதவர்களிலும் மூளைத்தண்டின் சில அணுக்களில் அதன் தொடக்கம் தெரிந்தது.

ஆனாலும் ஓர் எச்சரிக்கை அவசியம். ஒரு மூளை ஒரே ஒரு கணத்தைத்தான் காட்டும். ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு நோய் நகர்கிறது என்பது, பல மூளைகளை வரிசைப்படுத்திப் பார்த்து ஊகித்தது. பார்க்கின்சன் நோய்க்கு 2003இல் அதே குழு முன்வைத்த நிலைகளுக்குள் எல்லா நோயாளிகளும் அடங்குவதில்லை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதிகம் மேற்கோள் காட்டப்படும் கட்டுரை என்பதாலேயே அதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது.

அன்று வந்தவரிடம், அப்பா கடைசி இரண்டு ஆண்டுகள் எப்படி இருந்தார் என்று கேட்டேன். பேரப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததையும், பழகிய பாதையில் ஒருமுறை மட்டும் திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டதையும் சொன்னார். மூளை வங்கிக்குத் தந்த படிவத்தில் இதைக் கேட்கும் பகுதி வெறுமையாக இருந்தது. இருவருமாக உட்கார்ந்து அதை எழுதி, கோப்பில் சேர்ப்பதற்கு அனுப்பி வைத்தோம்.