நிரல் அங்கே, விண்டோ இங்கே

வீட்டு லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் கருவி) வழியாக ஆய்வகத்து லினக்ஸ் கணினிக்குள் நுழைகிறேன். அந்தக் கணினிக்கு மானிட்டர்கூடக் கிடையாது. எக்ஸ்கிளாக் என்று தட்டியதும் என் திரையில் ஒரு சின்னக் கடிகாரம் வந்து நிற்கிறது. நிரல் ஓடுவது அங்கே, முள் நகர்வது இங்கே. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

அங்கே திரையைப் படம் பிடித்து இங்கே அனுப்புகிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ‘இந்த அளவில் ஒரு விண்டோ திற, இங்கிருந்து அங்கே கோடு போடு’ என்று கட்டளைகள்தான் வருகின்றன. வரைவது நம் லேப்டாப். 1984இல் அமெரிக்காவின் எம்ஐடியில் பாப் ஷைஃப்ளரும் ஜிம் கெட்டிஸும் தொடங்கிய எக்ஸ் விண்டோ அமைப்பின் அடிப்படையே இதுதான். இன்றும் புழங்கும் அதன் 11ஆம் பதிப்பு 1987இல் வந்தது. திரை, கீபோர்டு, மவுஸ் மூன்றையும் வைத்துக்கொண்டு நிரல்களுக்குச் சேவை செய்வதால், இதில் சர்வர் என்பது நம் மடியில் இருப்பது. தொலைவில் ஓடும் நிரல்தான் கிளையன்ட்.

ஆனால் எக்ஸின் பேச்சு மறையாக்கம் இல்லாதது. நெட்வொர்க்கில் ஒட்டுக்கேட்பவர் எல்லாவற்றையும் படித்துவிடலாம். ஃபின்லாந்தில் தன் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் கடவுச்சொற்கள் திருடப்பட்டதைக் கண்டு டாட்டு யிலோனென் 1995இல் எஸ்எஸ்எச் எழுதினார். எக்ஸுக்கும் அதுவே கவசமானது.

எஸ்எஸ்எச் கட்டளையோடு மைனஸ் போட்டுப் பெரிய எழுத்தில் எக்ஸ் சேர்த்தால், தொலைக் கணினியில் ஒரு போலித் திரை உருவாகிறது. வழக்கமாக அதன் எண் 10, போர்ட் (இணைப்புக்கான வாசல் எண்) 6010. பக்கத்திலேயே திரை இருப்பதாக நம்பி நிரல் அந்தப் போர்ட்டில் பேசுகிறது. எஸ்எஸ்எச் அதை மறையாக்கம் செய்து, ஏற்கெனவே திறந்திருக்கும் அதே இணைப்பில் நம்மிடம் அனுப்பிவிடுகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அடுத்தது. எக்ஸ் சர்வருக்குள் நுழைய 128 பிட் ரகசிய எண் ஒன்று வேண்டும். குக்கி என்பார்கள். நம் குக்கியை எஸ்எஸ்எச் வெளியே அனுப்புவதே இல்லை. பொய்யாக ஒன்றைத் தயாரித்து அங்கே கொடுத்துவைக்கிறது. நிரல் அந்தப் பொய்க் குக்கியை நீட்டும்போது, லேப்டாப் பக்கத்து எஸ்எஸ்எச் அதைச் சரிபார்த்து, அதே இடத்தில் உண்மையான குக்கியை வைத்து எக்ஸ் சர்வரிடம் தருகிறது.

ஆனாலும் கவனம் வேண்டும். வழி பாதுகாப்பானது என்பதால் அந்த முனையில் இருப்பவர் நல்லவர் என்றாகிவிடாது. எக்ஸ் முழுதாக நம்பும் நிரல், நாம் மற்ற விண்டோக்களில் தட்டுவதையும் கவனிக்க முடியும். தொலைக் கணினியின் ரூட், அதாவது முழு நிர்வாக அதிகாரம், கைக்கு வந்தவர் அந்தப் பொய்க் குக்கியை எடுத்து இதே வழியில் நுழையலாம். எஸ்எஸ்எச் கட்டளையில் பெரிய எழுத்து எக்ஸ் போட்டால் நிரலுக்குக் கட்டுப்பாடு உண்டு, அதற்குப் பதிலாகப் பெரிய எழுத்து ஒய் போட்டால் முழு நம்பிக்கை. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் அமைப்புகளை மாற்றாமல் விட்டால் இரண்டும் ஒன்றுதான். தெரியாத கணினிக்கு இரண்டுமே வேண்டாம்.

வேகம்? ஒரே அறைக்குள் பிரச்சினையில்லை. தொலைதூரத்தில் தவிப்புதான். ஒரு மெனு திறக்க நிரல் ஒன்றன்பின் ஒன்றாக 50 கேள்வி கேட்கிறது, ஒவ்வொன்றும் போய்வர 200 மில்லிவிநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 விநாடி போய்விடும். பிராட்பேண்ட் வேகத்தைக் கூட்டினாலும் இந்தக் காத்திருப்பு குறையாது.

அப்புறம், இணைப்பு அறுந்தால் நிரலும் பெரும்பாலும் சேர்ந்தே போய்விடும். இரவு முழுக்க ஓட வேண்டிய வேலை என்றால் நான் எக்ஸ்ப்ரா என்ற மென்பொருளில் போடுவேன். அதில் காலையில் வந்து அதே விண்டோவை மறுபடி திறந்துகொள்ளலாம்.