குதிகால் ஏன் தரையை விட்டுக் கிளம்புகிறது?

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “வயது 46. காலையில் பஸ்கி எடுக்கிறேன். பாதி தூரம் இறங்குவதற்குள் குதிகால் தரையை விட்டுக் கிளம்பிவிடுகிறது. அழுத்தி ஊன்றினால் பின்னால் சாய்ந்து விழப் பார்க்கிறேன். 70 வயதான என் அம்மா குந்தியபடியே அரை மணி நேரம் கீரை ஆய்கிறார். என் தொடையில் பலம் இல்லையா?”

தொடையைக் குறை சொல்ல வேண்டாம். முதலில் கணுக்காலைப் பாருங்கள்.

குந்தும்போது உடலின் எடை மையம் பாதத்துக்கு மேலேயே நிற்க வேண்டும். இடுப்பு பின்னால் போனால், அதற்கு ஈடாக முழங்கால் முன்னால் வந்தாக வேண்டும். கணைக்கால் பாதத்தின் மேல் முன்பக்கமாகச் சாய வேண்டும். நடப்பதற்கு ஏறத்தாழ 10 டிகிரி சாய்வு போதும். குதிகாலை ஊன்றி முழுதாகக் குந்துவதற்கோ 35 டிகிரிக்குப் பக்கத்தில் தேவை. கிடைக்காவிட்டால் முதுகு அதிகமாகக் குனியும், இல்லையேல் குதிகால் தூக்கும்.

அந்தச் சாய்வு நடக்கும் இடத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த எலும்பு இருக்கிறது. பெயர் டாலஸ். உடல் எடையை வாங்கிப் பாதத்துக்குக் கடத்துவது இதுதான். ஆனால் ஒரு தசைகூட இதில் வந்து ஒட்டுவதில்லை. சுற்றியுள்ள எலும்புகள் தள்ளும் திசையில் நகர்கிறது.

கணுக்காலின் இருபுறமும் துருத்தி நிற்கும் எலும்பு முனைகளைத் தொட்டுப் பாருங்கள். உள்பக்கத்தது கணைக்காலின் தடித்த எலும்பான டிபியாவின் முனை, வெளிப்பக்கத்தது அதன் பக்கத்து மெல்லிய எலும்பான ஃபிபுலாவின் முனை. இரண்டும் சேர்ந்து, ‘ப’ என்ற எழுத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல் நிற்கின்றன. அதற்குள் டாலஸின் வளைந்த மேல்பகுதி அமர்ந்திருக்கிறது. அந்த மேல்பகுதி ஒரு ஆப்பு: முன்பக்கம் அகலம், பின்பக்கம் சில மில்லிமீட்டர் குறுகல். விரல்களைக் கீழ்நோக்கி நீட்டினால் குறுகலான பகுதிதான் ‘ப’வுக்குள் இருக்கும், மூட்டில் சற்று ஆட்டம் இருக்கும். பாதத்தை மேல்நோக்கி மடக்கினால் டாலஸ் பின்னோக்கிச் சறுக்கி, அகலமான முன்பகுதி உள்ளே நுழையும். ஆப்பு நுழைய நுழைய ஃபிபுலா சுமார் 1 மில்லிமீட்டர் ஒதுங்கி வழிவிடுகிறது. இரண்டு எலும்புகளையும் கட்டியிருக்கும் தசைநார்கள் விறைத்து, மூட்டு பூட்டிக்கொள்கிறது. குதிகாலைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் இந்த வேறுபாட்டை நீங்களே உணரலாம். தாவிக் குதித்து இறங்கும்போது கால் பிசகுவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த நொடியில் பாதம் கீழ்நோக்கி இருக்கிறது, ஆப்பு தளர்ந்திருக்கிறது.

பழைய சுளுக்குக்குப் பிறகு சிலருக்கு டாலஸ் முன்புபோலப் பின்னோக்கிச் சறுக்குவதில்லை. அவர்களுக்குக் கணுக்காலின் முன்பக்கம் கிள்ளுவதுபோல் இருக்கும். தசையை நீட்டி இதைச் சரிசெய்ய முடியாது. எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள்.

இறுக்கம் பின்பக்கம் தெரிந்தால் ஆடுசதைதான் பிடித்து வைத்திருக்கிறது. ஆடுசதை இரண்டு அடுக்கு. மேலடுக்கு முழங்காலைத் தாண்டித் தொடை எலும்பில் தொடங்குகிறது. முழங்காலை மடக்கியதும் அது தளர்ந்துவிடும். அடியடுக்கான சோலியஸ் முழங்காலுக்குக் கீழேயே தொடங்குவதால் அதற்கு அந்தத் தளர்வு கிடையாது. குந்தும்போது குறுக்கே நிற்பது பெரும்பாலும் சோலியஸ். நம்மில் பலர் செய்வதோ முழங்காலை விறைப்பாக வைத்துச் சுவரைத் தள்ளும் பயிற்சி! அதில் முக்கியமாக நீள்வது மேலடுக்கு. மாதக்கணக்கில் அதைச் செய்துவிட்டு, பலனில்லை என்று மனம் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும்.

முழங்காலை மடக்கியே பயிற்சி செய்யுங்கள். படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குங்கள். முதல் சில வாரங்களில் கிடைக்கும் முன்னேற்றத்தில் பெரும்பங்கு தசை நீண்டதால் வருவதல்ல. இழுவிசையை நரம்பு மண்டலம் பொறுத்துக்கொள்ளப் பழகுவதால் வருவது. எடை தாங்கியபடி நீளும் இத்தகைய பயிற்சியை விடாமல் தொடர்ந்தால்தான் தசையும் மாறத் தொடங்கும்.

உங்கள் அம்மாவின் எலும்பிலேயே அவர் குந்திய ஆண்டுகள் பதிந்திருக்கக்கூடும். குந்தும் பழக்கமுள்ளவர்களின் டிபியா விளிம்பிலும் டாலஸின் கழுத்திலும், இரண்டும் முட்டும் இடத்தில், வழவழப்பான சிறு முகப்புகள் காணப்படுகின்றன. 1890களில் லாகூரில் உடற்கூறியல் கற்பித்த ஹாவ்லாக் சார்லஸ் பஞ்சாப் மக்களின் எலும்புகளில் இவற்றை விவரித்தார். 1959இல் இந்தர்பீர் சிங் இந்தியர்களின் எலும்புகளை ஆராய்ந்து எழுதினார். நாற்காலிக்கும் மேற்கத்தியக் கழிப்பறைக்கும் மாறிவிட்ட தலைமுறையின் கணுக்கால்களை ஊர் ஊராக அளக்க ஒரு அளவு நாடாவும் சுவரும் போதும். இத்தகைய எளிய ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காது மடலைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டால் மூளை விழித்துக்கொள்ளும் என்று பள்ளிகளில்கூடச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. கணுக்காலும் தொடையும் அதனால் பெறும் நன்மையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமே.

நீங்களும் அளந்து பாருங்கள். வெறுங்காலுடன் சுவரைப் பார்த்து நில்லுங்கள். குதிகால் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். தொட முடிகிற கடைசித் தூரம்வரை பாதத்தைப் பின்னால் நகர்த்தி, பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். 10 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது. இரண்டு கால்களையும் தனித்தனியே அளக்க வேண்டும். கல்லூரி நாளில் சுளுக்கிய என் இடது கால் 6 சென்டிமீட்டரில் நின்றது. நான்கு மாதப் படிக்கட்டுப் பயிற்சிக்குப் பிறகு, போன வாரம் அளந்தபோது எட்டரை.