இசைத்தட்டை இரவல் கொடுக்கும் முன் ஊசியைப் பாருங்கள்

ஆறு எல்பி இசைத்தட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருவர் என் பட்டறைக்கு வந்தார். பின்னாலேயே, அவற்றைச் சுழற்றிப் பாடவைக்கும் அவருடைய டர்ன்டேபிளும் வந்து இறங்கியது. "சார், மிஷின்ல ஏதோ கோளாறு. குரல் உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் கிழியுது. போன மாசம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

மிஷினில் ஒன்றும் இல்லை. ஊசியைச் சுமக்கும் கையின் எடை, கையின் நுனியில் ஊசி பொருந்தியிருக்கும் கார்ட்ரிட்ஜின் கோணம், மோட்டார் வேகம் எல்லாம் சரியாக இருந்தன. அவருடைய வேறு தட்டுகளைப் போட்டால் சுத்தமாகப் பாடின. அந்த ஆறு மட்டும் என் சொந்த டர்ன்டேபிளிலும் கிழிந்தன. "இந்த ஆறும் வேற எங்கயாவது போய்ட்டு வந்துச்சா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஃப்ரெண்டு வீட்ல மூணு வாரம் இருந்துச்சு. ஆனா அவன் ரொம்பப் பத்திரமா வெச்சிருப்பான் சார். ஒரு கைரேகைகூட இல்ல, பாருங்க."

உண்மைதான், கைரேகை இல்லை. கீறலும் இல்லை. சேதம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது.

டர்ன்டேபிள் பழுதுபார்ப்பது என் தொழில். இரவல் போய் வந்த தட்டோடு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கீறல், தூசி, உறை கிழிந்தது என்று அவர்கள் வெளியில்தான் தேடுவார்கள். தட்டு யார் வீட்டுக்குப் போனது என்பதைவிட எந்த ஊசியின் கீழே போனது என்பதுதான் முக்கியம்.

ஸ்டீரியோ எல்பியின் தடம் ஒரு 'வி' வடிவப் பள்ளம். இரண்டு சுவர்களும் 90 பாகையில் சந்திக்கின்றன. தட்டின் மையத்தைப் பார்த்த சுவரில் இடது சேனல், வெளிப்புறச் சுவரில் வலது சேனல். ஊசி பள்ளத்தின் அடியைத் தொடுவதில்லை. இரண்டு சுவர்களிலும் ஒவ்வொரு புள்ளியில் சாய்ந்துகொண்டு ஓடுகிறது. கோள முனை ஊசியின் ஆரம் சுமார் 18 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் பாதிகூட வராது. ஊசி தட்டை அழுத்தும் இரண்டு கிராம் எடை சொற்பம் என்று தோன்றும். அது முழுவதும் இவ்வளவு சின்னப் புள்ளிகள் மேல் இறங்கும்போது அழுத்தம் பெரியது.

"வைரம் தேயுமா சார்?" என்று கேட்காதவர்கள் குறைவு. தேயும். வினைல் மென்மையானதுதான், ஆனால் பள்ளத்தில் கிடக்கும் தூசி உப்புத்தாள் போல வேலை செய்கிறது. தூரத்தையும் கணக்குப் பார்க்க வேண்டும். 20 நிமிடம் ஓடும் ஒரு பக்கத்தின் தடத்தை நீட்டிப் பிடித்தால் 400 மீட்டரைத் தாண்டும். ஊசி முனையின் வடிவத்தைப் பொறுத்து அதன் ஆயுளாக ஆடியோ-டெக்னிகா நிறுவனம் சொல்லும் கணக்கு: கோள முனைக்கு 500 மணி நேரம், நீள்வட்ட முனைக்கு 300, ஷிபாடா என்ற வடிவத்துக்கு 800, மைக்ரோ லீனியர் என்ற வடிவத்துக்கு 1000. 300 மணி நேரம் என்றால் 40 நிமிட எல்பி 450 தடவை. தினம் ஒரு தட்டு போடுகிறவருக்கு ஒன்றேகால் வருடம். அதற்குள் அந்த வைரம் 350 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கும்.

நல்ல ஊசியை மைக்ராஸ்கோப்பில் 200 மடங்கு பெருக்கிப் பார்த்தால் முனை உருண்டு வழுவழுவென்று தெரியும். தேய்ந்த ஊசியில் இரண்டு பக்கமும் தட்டையாகச் சீவியது போல இரண்டு பளிச்சென்ற திட்டுகள் தெரியும். அந்தத் திட்டின் விளிம்புதான் உளி. தடத்தின் நுணுக்கமான நெளிவுகளை அது செதுக்கிக்கொண்டே போகிறது. முதலில் போவது உச்ச ஒலிகள்: பாடகரின் 'ஸ', ஜால்ராவின் மினுமினுப்பு. அதன் பிறகு அந்தத் தட்டை உலகத்திலேயே விலை உயர்ந்த டர்ன்டேபிளில் போட்டாலும் போனது வராது.

ஊசியின் சொந்தக்காரருக்கு இது தெரியவே தெரியாது. வீட்டுப் பிள்ளை வளர்வது வீட்டிலிருப்பவர் கண்ணுக்குத் தெரியாது, எப்போதாவது வரும் விருந்தாளிதான் சொல்வார். ஊசி தேய்வதும் அப்படித்தான். தினம் ஒரு துளி குறைந்தால் காது அதற்குப் பழகிவிடும். அதனால் "என் செட்ல நல்லாத்தான் கேக்குது" என்று நண்பர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது சான்றும் ஆகாது. கேட்க வேண்டிய கேள்வி: ஊசி மாற்றி எத்தனை நாள் ஆயிற்று, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கும்? பழைய டர்ன்டேபிளை ஊசியோடு வாங்கியவர் என்றால் விடை அவருக்கே தெரியாது. தெரியாத ஊசியைத் தேய்ந்த ஊசியாகவே நான் எடுத்துக்கொள்வேன். பிரிக்காத பெட்டியில் கிடைத்த முப்பது வருடப் பழைய ஊசியையும் நம்ப வேண்டாம். வைரம் புதிதாக இருக்கும், அதைத் தாங்கும் ரப்பர் இறுகிப் போயிருக்கும்.

தட்டு திரும்பி வந்தால் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டைப் போடுங்கள். எல்பி நிமிடத்துக்கு 33⅓ சுற்று. வெளி விளிம்பில் தடம் ஊசிக்குக் கீழே நொடிக்குச் சுமார் 51 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது, லேபிளை நெருங்கும்போது அது 21 செ.மீ. ஆகிவிடுகிறது. அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கிப் பதிந்திருப்பதால் ஊசியின் குற்றமும் கோணத்தின் குற்றமும் அங்கேதான் முதலில் பல்லைக் காட்டும்.

தேய்ந்த ஊசி மெதுவாகக் கெடுக்கும். ஒரே தடவையில் கெடுக்கிறவையும் உண்டு. தாத்தா காலத்துக் கிராமபோன் பெட்டி வீட்டில் இருந்தால் அதில் எல்பியைப் போட்டுப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரும். அந்த எஃகு ஊசி 78 தட்டுக்கானது, அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுக்கானது. பக்கத்துக்கு ஒரு ஊசி என்று மாற்றவேண்டியது. 1948இல் கொலம்பியா கொண்டுவந்த எல்பியின் நுண்தடம் அதற்கு முன்னால் நிற்காது, ஒரே ஓட்டத்தில் உழுதுவிடும். 78க்கான வைர, சபையர் ஊசிகளும் சுமார் 75 மைக்ரான் ஆரம் உள்ளவை. எல்பியின் பள்ளத்துக்குள் இறங்காமல் அதன் விளிம்புகளின் மேலேயே சவாரி செய்யும். ஸ்டீரியோ எல்பி கடைக்கு வந்தது 1958 வாக்கில்தான். அதற்கு முந்தைய மோனோ கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றுக்கு மேலும் கீழும் அசையும் இளக்கம் கிடையாது. ஸ்டீரியோ தடத்தில் மேல்கீழ் அசைவும் சேர்ந்தே பதிந்திருப்பதால் அவை அதைத் தேய்த்தே தீர்க்கும். பெட்டி வடிவச் சின்ன பிளேயர்களில் செராமிக் கார்ட்ரிட்ஜும் ஐந்து கிராமைத் தொடும் எடையும் சகஜம். சொந்தத் தட்டைப் போட்டு மகிழ்ந்தால் எனக்கு வருத்தமில்லை. இரவல் தட்டை அதில் போடாதீர்கள்.

அடுத்தவர் தட்டைச் சுத்தம் செய்து திருப்பித் தருகிறேன் என்று கிளம்பும் நல்ல மனதுக்காரர்களுக்கும் ஒன்று. 78 தட்டுகள் பெரும்பாலும் அரக்கால் ஆனவை. ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும். வினைலுக்கான கரைசலை அதில் தடவிக் கொண்டுவந்த ஒரு தட்டை நான் பார்த்திருக்கிறேன்; மினுக்கம் போய்ச் சாம்பல் பூத்திருந்தது. உடையவரைக் கேட்காமல் எதையும் கழுவவேண்டாம்.

இனி இன்னொரு வகை இரவல். இதில் தட்டு கைமாறுவதில்லை, எண்கள்தான் கைமாறுகின்றன. ஒருவர் தன் டர்ன்டேபிளின் படத்தைப் போட்டு "1.8 கிராம், அருமையா இருக்கு" என்று எழுதுவார். பத்துப் பேர் போய்த் தங்கள் எடையையும் 1.8க்குத் திருப்புவார்கள். ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் என்ற கார்ட்ரிட்ஜுக்கு 1.8 சரி. டெனான் டிஎல்-103க்கு 2.5 வேண்டும். அதில் 1.8 வைத்தால் ஊசி தடத்தைப் பிடிக்காமல் குதிக்கும், குதிக்கும் ஊசி சுவரைக் கொத்தும். எடை குறைந்தால் தட்டுக்கு நல்லது என்ற நம்பிக்கை எப்படிப் பரவியதோ தெரியவில்லை. என் அனுபவத்தில் கொஞ்சம் கூடுதலான எடையைவிடக் குறைவான எடைதான் அதிகம் கெடுத்திருக்கிறது. கார்ட்ரிட்ஜ் தயாரித்தவர் சொன்ன வரம்புக்குள் இருங்கள். அவ்வளவுதான்.

அந்த 1.8ஐயும் எப்படி அளந்தார்கள் என்று பார்க்க வேண்டும். கையின் பின்முனையில் உள்ள சமன் எடையான கவுண்டர்வெயிட்டில் இருக்கும் எண் வளையம், கையை முதலில் மிதக்கவிட்டுச் சமப்படுத்தி வளையத்தைப் பூஜ்யத்தில் வைத்த பிறகுதான் பேசும். சமப்படுத்தாமலே வளையத்தை இரண்டில் நிறுத்திவிட்டு "ரெண்டு கிராம்" என்று சொன்னவரின் டர்ன்டேபிளை என் தராசில் வைத்தேன், 3.4 காட்டியது. ஊசி எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று நண்பர் வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தால் போதும். அளக்கும்போது ஊசி தட்டின் உயரத்தில் இருக்கவேண்டும்.

கார்ட்ரிட்ஜின் கோணம் பார்க்கும் அட்டையைப் பகிர்வது வழக்கம். அதை அச்சிடும்போது பிரிண்டர் தாளுக்குள் அடங்கட்டும் என்று கொஞ்சம் சுருக்கிவிடும். அச்சிட்டதும் அதிலுள்ள அளவுக்கோட்டின் மேல் ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். 100 மி.மீ. கோடு 97 காட்டினால் அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள். தட்டின் நடுத்துளைக்குள் நிற்கும் சுழல்தண்டை ஊசி தாண்டி நிற்கும் தூரம் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200இல் 15 மி.மீ. என்பதால் எல்லா டர்ன்டேபிளுக்கும் 15 என்று வைப்பவர்களும் உண்டு. அது அந்தக் கையின் நீளத்துக்கான கணக்கு.

நண்பரின் செட்டில் கேட்டு மயங்கி அதே கார்ட்ரிட்ஜை வாங்கி வருகிறவர்கள் தனிக் கூட்டம். ஒருவர் மிக இளக்கமான கார்ட்ரிட்ஜை வாங்கித் தன் கனமான கையில் பூட்டினார். லேசாக வளைந்த தட்டு ஓடும்போது வூஃபர்கள் மூச்சு வாங்குவது போல உள்ளே போய் வெளியே வந்தன. ஸ்பீக்கர் போய்விட்டது என்று பதறி வந்தார். கையின் எடையும் ஊசியின் இளக்கமும் சேர்ந்து ஒரு தனி அதிர்வெண்ணில் ஆடும். அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் விழுந்தால் நல்லது. தட்டின் வளைவு அதற்குக் கீழே, இசை அதற்கு மேலே. இரண்டுக்கும் நடுவில் காலியான இடம் அது. கனமான கையோடு இளக்கமான ஊசி சேர்ந்தால் ஆட்டம் கீழே இறங்கி வளைவோடு கைகோத்துக்கொள்கிறது. நண்பரின் கை இலேசானது, அதனால் அவர் வீட்டில் பாடியது. கார்ட்ரிட்ஜ் மட்டும் பாடியதில்லை.

டர்ன்டேபிளையே தூக்கிக்கொண்டு கேட்புக் கூட்டத்துக்குப் போகிறீர்கள் என்றால், ஊசிக்கு மூடி போட்டு, கையைப் பூட்டி, கவுண்டர்வெயிட்டைக் கழற்றி, தட்டு சுழலும் உலோகத் தகட்டையும் தனியாக எடுத்துச் சுற்றிக்கொள்ளுங்கள். வளைந்த எஸ் வடிவக் கை என்றால் கார்ட்ரிட்ஜ் பூட்டியிருக்கும் முன்பகுதியான ஹெட்ஷெல்லைக் கழற்றிச் சட்டைப் பைக்குள்ளேயே கொண்டுபோகலாம். உண்மையில் இரவலுக்கு நான் கண்ட நல்ல வழி இதுதான்: தட்டோடு உங்கள் ஹெட்ஷெல்லையும் எடுத்துப் போங்கள். நண்பரின் டர்ன்டேபிளும் ஹெட்ஷெல் கழற்றும் வகை என்றால், அதில் இதை மாட்டி எடையையும் கையின் உயரத்தையும் புதிதாக அமைத்தால் உங்கள் தட்டு உங்கள் ஊசியில்தான் ஓடும். அங்கே போய் 'ம்ம்' என்று இரைச்சல் வந்தால் முதலில் எர்த் கம்பியைப் பாருங்கள். அலறலாக, உடைந்து கேட்டால் ஊசியிலிருந்து வரும் மெல்லிய ஒலியைப் பெருக்கும் போனோ ஸ்டேஜ்கள் இரண்டை ஒன்றன் பின் ஒன்றாக மாட்டியிருப்பீர்கள்.

வேறு நாட்டிலிருந்து வந்த பழைய பெல்ட் டர்ன்டேபிளைக் கைமாற்றும்போது மின்சாரத்தின் வோல்ட் மட்டும் பார்த்தால் போதாது. ஏசி மோட்டார் உள்ளவை மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டு சுழல்கின்றன. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த புல்லி (பெல்ட்டை ஓட்டும் சக்கரம்) 50இல் ஓடினால் 33⅓ என்பது 28க்கும் கீழே போய்விடும். பாடகர் தூக்கத்தில் பாடுவார்.

நானும் தட்டுகளை இரவல் கொடுக்கிறேன், வாங்குகிறேன். உறைக்குள் ஒரு துண்டுத் தாள் வைத்திருக்கிறேன். தேதி, எந்தக் கார்ட்ரிட்ஜ், எத்தனை கிராம், ஊசி எத்தனை மணி நேரம் ஓடியது. வாங்குகிறவர் நிரப்பித் தரவேண்டும். ஒரு நண்பர் முதலில் சிரித்தார். மணி நேரம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அடுத்த மாசம் வாங்கிக்கிறேன்" என்று தட்டைத் திருப்பிக் கொடுத்தார். அந்த மாதமே ஊசி மாற்றினார்.

அந்த ஆறு தட்டுகளைக் கழுவி, சுவரின் வேறு பகுதியைத் தொடும் ஷிபாடா முனையில் ஓட்டிப் பார்த்தேன். இரண்டு ஓரளவு தேறின. நான்கு தேறவில்லை. அடுத்த வாரம் அந்த நண்பரும் தன் கார்ட்ரிட்ஜோடு வந்தார். மைக்ராஸ்கோப்பில் இரண்டு பளிச்சென்ற திட்டுகளையும் தானே பார்த்துவிட்டு வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. புது ஊசி போட்டுக்கொண்டு போனார். பழையதை எடுத்துப் போகவில்லை. வருகிறவர்களுக்குக் காட்ட அது என் மேஜையில் இருக்கிறது.